பழைய கிட்டார்களைப் பழுது பார்க்க ஆள் பழக்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், பிள்ளையைக் கிட்டார் வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் பலர், இருப்பதிலேயே விலை குறைந்த புதுக் கிட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதே தெருவில், சில சமயம் அவர்கள் வீட்டுப் பரணிலேயே, அதைக் காட்டிலும் நன்றாகச் செய்யப்பட்ட பழைய கிட்டார் ஒன்று தூசி படிந்து கிடக்கும். யாரோ வாசித்துத் தேய்த்ததைக் குழந்தைக்கு வாங்கித் தருவதா என்ற தயக்கம் ஒருபுறம். அதைச் சரிசெய்து தர ஆள் எங்கே என்ற கேள்வி இன்னொருபுறம். முதல் தயக்கம் தேவையற்றது. இரண்டாவது கேள்வி மிகவும் நியாயமானது. அதற்கு விடை காண வேண்டிய பொறுப்பு நம் எல்லோருக்கும், குறிப்பாக இசைக் கல்வியை நடத்தும் அரசுக்கும் உண்டு. பெரம்பூரில் வளர்ந்து, மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் வாசித்து, இப்போது பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லித் தந்துவருபவன் என்ற முறையில் இதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இசைக்கருவி பழையதாக இருப்பதைக் குறையாக நினைக்கும் வழக்கம் நமக்கு இருந்ததே இல்லை. பாட்டி வாசித்த தஞ்சாவூர் வீணையைப் பேத்தி வாசிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மெழுகு இளகியோ மெட்டுகள் தேய்ந்தோ சுருதி விலகினால், மேளம் கட்டத் தெரிந்தவரை வரவழைத்து, பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புது மெழுகு வைத்து, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நிறுத்தச் சொல்கிறோம். மிருதங்கத்தில் தோல் மாறும், வார் மாறும், வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கருவட்டம் புதிதாக இடப்படும். பலாக்கட்டை மட்டும் கைமாறிக் கைமாறித் தொடர்ந்து வரும். அந்தக் கட்டையை யாரும் ‘செகண்ட் ஹேண்ட்’ என்று சொல்வதில்லை. கிட்டாரும் இப்படி வாழ வேண்டிய கருவிதான். அதன் கம்பிகளும், வீணையின் மெட்டுகளைப் போன்ற ஃப்ரெட்டுகளும், கழுத்தின் தலைமுனையில் நட் என்றும் உடலில் சேடில் என்றும் சொல்லப்படும் இரண்டு சிறு தாங்கிகளும், முறுக்காணிகளும் தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே அமைந்தவை. உடலும் கழுத்தும் நன்றாக இருக்கும்வரை மற்றவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இப்படிச் செய்து தரும் கைவினைஞர் பரம்பரை நம்மிடம் இருக்கிறது. கிட்டாருக்கு அப்படி ஒரு மரபு உருவாகத் தொடங்கி, உருவாகி முடிவதற்குள்ளேயே தேய்ந்துகொண்டிருக்கிறது.

மலிவான புதுக் கிட்டாரில் நேரும் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் மெல்லிய ரகக் கம்பிகளைப் போட்டுச் சுருதி கூட்டினாலே, ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 70 கிலோ எடையைத் தாண்டும். இரவும் பகலும் ஓயாத அந்த இழுப்பைத் தாங்குபவை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள மேற்பலகை, அதன் உட்புறம் ஒட்டப்பட்ட மெல்லிய சட்டங்கள், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி ஆகியவைதாம். இவற்றைச் சரியாக அமைக்க நேரமும் கவனமும் வேண்டும். 3,000, 4,000 ரூபாய்க்கு விற்க வேண்டிய கருவியில் அந்த நேரத்தைச் செலவிட எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. அதனால் கழுத்து வளைந்தும், நட் உயரமாகவும், ஃப்ரெட்டுகளின் முனைகள் விரலைக் கிழிக்கும்படியும் கருவி வந்து சேர்கிறது. நன்றாக அமைத்த கிட்டாரில் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் கனத்த கம்பி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் உயரத்திலும், மெல்லிய கம்பி இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழாகவும் நிற்கும். பிள்ளைகள் கொண்டுவரும் புதுக் கிட்டார்களில் அந்த உயரம் 4 மில்லிமீட்டரையும் தாண்டி நிற்பதை அடிக்கடி அளந்து பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை அந்தக் கம்பியை அழுத்தினால் விரல் நுனி கன்றிப்போகும். அழுத்துகிற அழுத்தில் கம்பி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடுவதால், சரியான இடத்தில் விரல் வைத்தாலும் அபசுரமே கேட்கும். ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய எஃப் கார்டு வரும் வாரத்தில் பிள்ளை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடும். ‘அவனுக்கு ஆர்வம் இல்லை’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். ஆர்வம் இருந்த பிள்ளைக்கு வாசிக்க முடியாத கருவியைக் கொடுத்ததுதான் அங்கே நடந்தது.

நம் ஊரில் நல்ல பழைய கிட்டார்கள் எப்படி வந்தன என்பதையும் இளைய தலைமுறை அறிந்துகொள்ள வேண்டும். 1991-ஆம் ஆண்டுக்கு முன் வெளிநாட்டுக் கருவிகளுக்கான இறக்குமதி வரி மிகக் கடுமையாக இருந்தது. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கிவரும் பொருளாக அவை இருக்கவில்லை. கப்பலில் வேலை பார்த்தவர்கள், வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் திரும்பியவர்கள் தூக்கிக்கொண்டு வந்தவை சில. பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் போன்ற ரயில்வே ஊர்களில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தபோது நண்பர்களிடமும் தேவாலயங்களிலும் விட்டுச் சென்றவை சில. கொல்கத்தாவிலிருந்து வந்த கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிட்டார்கள் இன்னும் பல. நகரின் மெல்லிசைக் குழுக்கள் பலவும் இப்படிக் கைமாறி வந்த கருவிகளை நம்பித்தான் மேடையேறின. ஒரு நல்ல கிட்டார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது, நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைக்கும் காரியமாக அன்று கருதப்பட்டது.

என்னிடம் உள்ள யமஹா எஃப்ஜி 180 அப்படி வந்ததுதான். யமஹா 1966-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய முதல் எஃப்ஜி வரிசையைச் சேர்ந்தது அது. ஒலித்துளைக்குள் எட்டிப் பார்த்தால் ‘நிப்பான் கக்கி’ என்ற நிறுவனத்தின் பழைய பெயர் தாங்கிய சிவப்புத் தாள் தெரியும். மேற்பலகைகூட முழு மரம் அன்று, ஒட்டுப்பலகைதான். ஆனாலும் செய்தவர்களின் கவனம் ஒவ்வொரு இணைப்பிலும் தெரிகிறது. என் கைக்கு வந்தபோது அதன் கம்பிகள் மேற்சொன்ன புதுக் கிட்டார்களைவிட உயரமாக இருந்தன. பல ஆண்டுகள் கம்பிகள் இழுத்ததில், உடலோடு கழுத்து சேரும் கோணமே மாறிப்போயிருந்தது. ஆர்மோனியங்களும் நாற்காலிகளும் பழுது பார்த்துவந்த முதியவர் ஒருவர்தான் அதைச் சரிசெய்து தந்தார். 15-ஆவது ஃப்ரெட்டைக் கழற்றி, அது இருந்த பள்ளத்தின் வழியாகச் சிறு துளையிட்டு, பிரஷர் குக்கரிலிருந்து இழுத்த ரப்பர் குழாயின் நுனியில் ஊசி பொருத்தி, இணைப்புக்குள் நீராவியைச் செலுத்தினார். இறுகிய பசை எளிதில் விடவில்லை. கழுத்தை அசைத்துப் பார்ப்பதும், நிறுத்துவதும், ஈரத்தைத் துணியால் ஒற்றுவதுமாகப் பொறுமையாக இருந்தார். கடைசியில் புறாவால் வடிவ இணைப்பு மெல்ல மேலெழுந்து வந்தது. பிறகு கழுத்தின் அடிப்பாகத்தில் உப்புத்தாள் கீற்றைச் செருகி இழுத்து இழுத்து, ஒரு முனையில் ஒன்றுமில்லாமலும் மறு முனையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரும் மட்டும் தேய்த்தெடுத்து, இணைப்பில் மெல்லிய மரச்சீவல்களை வைத்துத் திரும்ப ஒட்டினார். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் எறிய வேண்டிய கருவிக்கும் இன்று என் மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடு. அந்த முதியவர் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அவர் கடை இருந்த இடத்தில் இன்று கைப்பேசி உறைகள் விற்கிறார்கள்.

பழையவை எல்லாம் சிறந்தவை என்று நான் வாதாடவில்லை. அப்படிச் சொல்வது வாங்குபவர்களை ஏமாற்றுவதாகும். அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டரை 1965-ஆம் ஆண்டு சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனம் வாங்கிய பிறகு வந்த கிட்டார்களின் தரம் சீராக இல்லை என்பதை, பழைய கிட்டார்களை உயிராக நேசிப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள். மரம் முதிர முதிர நாதம் கூடும் என்ற நம்பிக்கையையும் நான் அளவோடுதான் ஏற்கிறேன். வயலின்களில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. கண்ணை மறைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்த தேர்ந்த கலைஞர்களால் புகழ்பெற்ற பழைய இத்தாலிய ஸ்ட்ராடிவாரி வயலினையும் புது வயலினையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றும், புதியவற்றையே பலர் விரும்பினர் என்றும் 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே, வயதுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். நல்ல கைகள் செய்த கருவி, அதன் தொடக்க விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கிறது என்பதும், அத்தனை ஆண்டுகள் உடையாமல் நின்றதே அதன் உறுதிக்குச் சான்று என்பதும்தான் என் வாதத்தின் அடிப்படை. புதுக் கிட்டாரின் கழுத்து இனிமேல் எப்படி வளையும் என்று யாருக்கும் தெரியாது. முப்பது ஆண்டு ஆன கிட்டாரின் கழுத்து வளைய வேண்டிய அளவுக்குப் பெரும்பாலும் வளைந்து முடித்திருக்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பார்க்கப் பெரிய பயிற்சி தேவையில்லை. தச்சர் சட்டத்தின் கோணலைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நட் பக்கத்திலிருந்து கழுத்தின் நீளத்தை நோக்க வேண்டும். ஃப்ரெட்டுகளின் மேல் நேர்க்கோல் ஒன்றை வைத்து நீட்டினால் அதன் முனை, உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். அதற்குக் கீழே போய் இடித்தால் கழுத்தின் கோணம் போய்விட்டது என்று பொருள். அந்த வேலைக்கு ஆகும் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. உடலை விரல் முட்டியால் அங்கங்கே தட்டும்போது அதிரும் சத்தம் கேட்டால் உள்ளே ஏதோ ஒரு சட்டம் கழன்றிருக்கிறது. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பிக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருந்தால் அஞ்ச வேண்டாம். அந்தக் கிட்டாரை யாரோ விரும்பி நாள்தோறும் வாசித்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. அதைத் தேய்த்துச் சமப்படுத்தலாம், மாற்றவும் செய்யலாம். எலெக்ட்ரிக் கிட்டார்களில் பலவற்றுக்குக் கழுத்து திருகாணிகளால் பொருத்தப்பட்டிருப்பதால் வேலை இன்னும் எளிது. திருகும்போது கரகரக்கும் குமிழ்களைப் பெரும்பாலும் உள்ளே மருந்து தெளித்துச் சுத்தம் செய்தாலே போதும்.

இங்கே ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய கிட்டாரைத் தயவுசெய்து பெயின்ட் அடிக்கவோ வார்னிஷ் பூசவோ கொடுத்துவிடாதீர்கள். பளபளப்பாக்கிக் கொடுத்தால் விலை கூடும் என்று நினைத்து, தேக்குக் கதவுக்கு அடிப்பதுபோல் பாலிஷ் அடித்துப் பாழாக்கிய கருவிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. கனமான பூச்சு மேற்பலகையின் அதிர்வைக் கட்டிப்போடுகிறது. பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சில் காலப்போக்கில் விழும் நுண்ணிய வெடிப்புக் கோடுகளையும், கை பட்டுப் பட்டு வெளுத்த இடங்களையும் விரும்பி வாங்குபவர்கள்தாம் உலகெங்கும் இருக்கிறார்கள். அரிய கிட்டார்களில் மறுபூச்சு அடித்திருந்தால் விலை பாதியாகிவிடும் என்பது அந்த வணிகத்தில் உள்ளவர்கள் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. இந்தத் தேய்மானத்துக்கு எவ்வளவு மதிப்பு என்றால், புத்தம் புதிய கிட்டாரைப் பட்டறையிலேயே தேய்த்துப் பழையதாக்கிக் கூடுதல் விலைக்கு விற்கும் வரிசை ஒன்றை 1995-ஆம் ஆண்டிலிருந்து ஃபெண்டர் நிறுவனமே நடத்திவருகிறது.

அயர்லாந்துக் கிட்டார் கலைஞர் ரோரி காலகரின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1963-ஆம் ஆண்டு, பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, கார்க் நகரத்துக் கடை ஒன்றில், இன்னொரு இசைக்குழுக்காரர் திருப்பிக் கொடுத்திருந்த 1961-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரை 100 பவுண்டு விலைக்குக் கடனாக வாங்கினார். அன்றைய நிலையில் அந்தக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. பின்னர் அந்தக் கிட்டார் களவு போய், மழையில் பள்ளத்தில் கிடந்து, மீண்டும் கிடைத்தது. வியர்வையும் மழையும் மேடை விளக்குகளின் வெப்பமும் பட்டு அதன் வண்ணப்பூச்சு ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்து வெறும் மரம் தெரியத் தொடங்கியது. ஃப்ரெட்டுகளும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகளும், முறுக்காணிகளும் தேவைப்பட்டபோதெல்லாம் மாற்றப்பட்டன. பூச்சை மட்டும் யாரும் தொடவில்லை. 1995-ஆம் ஆண்டு அவர் மறையும்வரை அதுதான் அவருடைய முதன்மைக் கருவி. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் நடந்த ஏலத்தில் கிட்டத்தட்ட 9 லட்சம் பவுண்டுக்கு விலைபோன அந்தக் கிட்டார், அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. நான் அந்த விலையைப் பெரிதாகச் சொல்லவில்லை. அந்த நாட்டு மக்கள், கைமாறி வந்த ஒரு கிட்டாரைத் தங்கள் பொதுச் சொத்தாகக் கருதும் அளவுக்கு மதித்தார்கள் என்பதுதான் என்னைத் தொடுகிறது.

மரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் அதில் நமக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, உலகின் மிகச் சிறந்த கிட்டார் மரங்களுள் ஒன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம், பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும், 1969-ஆம் ஆண்டில் தன் கிட்டார்களின் பின்பலகைக்கும் பக்கப் பலகைகளுக்கும் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. அன்றிலிருந்து எத்தனையோ நாடுகளின் கிட்டார்களில் நம் மலைகளின் மரம் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மிக மெதுவாக வளரும் மரம் அது. வெட்டிய அளவுக்கு வளர்வதில்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, 2017-ஆம் ஆண்டு ஜனவரி 2 முதல் ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பழைய கிட்டார் ஒன்றை நாடு விட்டு நாடு விற்பதற்கும் சான்றிதழ் தேவைப்பட்ட அந்தக் காலத்தில் இசைக்கலைஞர்களும் வணிகர்களும் பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26 முதல் விலக்கு கிடைத்தது. 1992-ஆம் ஆண்டிலிருந்து கடுமையான பட்டியலில் உள்ள பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. இந்தக் கட்டுப்பாடுகளை நான் வரவேற்கிறேன். ஆனால், காட்டைக் காப்பதில் அக்கறை உள்ளவர்கள், ஏற்கெனவே வெட்டப்பட்டுக் கிட்டாராகிவிட்ட மரத்தை இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஒலிக்கவைக்கும் வழியையும் சேர்த்துத்தானே தேட வேண்டும்?

கிட்டாரோடு சேர்ந்த மின்கருவிகளைப் பற்றிச் சில எச்சரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கிருந்து வந்த, கிட்டார் ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்ப்களையும் கீபோர்டுகளையும் பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்காமல் நம் 230 வோல்ட் இணைப்பில் செருகினால் அந்த நொடியே கருகிவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தால் போதும். கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ஆம்ப்களின் உள்ளே இருக்கும், மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடியவை. எலெக்ட்ரானிக்ஸ் அறியாதவர்கள் அவற்றைத் திறக்கவே கூடாது. நம் பழைய வீடுகள் பலவற்றிலும் சில மண்டபங்களிலும் எர்த் இணைப்பு ஒழுங்காக இருப்பதில்லை. கம்பியைத் தொட்டவுடன் சுரீரென்று உணர்ந்தால் உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். மற்றபடி இந்தக் கருவிகள் நாம் நினைப்பதைக் காட்டிலும் உறுதியானவை. ரோலண்ட் நிறுவனம் 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட ஜாஸ் கோரஸ் 120 ஆம்ப் வால்வே இல்லாத வகை. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களையும் தனித்தனியாக 60 வாட் ஆற்றலோடு இயக்கும். அந்த ஆம்ப்களில் பழையவை இன்றும் அதே தெளிவோடு ஒலிக்கின்றன. 1983-ஆம் ஆண்டு வந்த யமஹா டிஎக்ஸ் 7 கீபோர்டு ‘செத்துவிட்டது’ என்று எடைக்குப் போட நினைப்பவர்கள் முதலில் அதன் உள்ளே இருக்கும் நினைவகப் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் சேமித்த ஒலிகள் அழிந்துபோகும், கருவி அழிவதில்லை.

நம் தட்பவெப்பமும் கிட்டாருக்கு ஒரு சோதனைதான். காற்றில் 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் இருப்பது நல்லது என்று கிட்டார் செய்பவர்கள் சொல்கிறார்கள். சென்னையில் அது ஆண்டின் பெரும்பகுதியும் அதற்கு மேல்தான் இருக்கிறது. மேற்பலகை உப்பிக் கம்பி உயர்வதும், கம்பிகள் விரைவில் துருப்பிடிப்பதும் இதனால்தான். கடினமான பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவ்வப்போது திறந்து காற்றாட விட்டால் பெருமளவு காப்பாற்றிவிடலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்த வெப்பத்தில் பசை இளகிப் பிரிட்ஜ் எழும்பிவிடும்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். பள்ளிகளும் தேவாலயங்களும் தங்கள் பொருள் அறைகளில் முடங்கிக் கிடக்கும் கருவிகளை ஒருமுறை வெளியே எடுத்து, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி, சரிசெய்யக்கூடியவற்றைப் பிள்ளைகளுக்கு இரவல் தர முன்வரலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பொறுப்பேற்க ஒரே ஓர் ஆசிரியர் இருந்தால் போதும்.

ஆனால் எவ்வளவு கருவிகள் வெளியே வந்தாலும் பழுது பார்க்கும் ஆள் இல்லாமல் எதுவும் நடக்காது. சென்னையில் கிட்டாரை நன்றாகச் செட்டப் செய்ய, அதாவது வாசிக்க ஏற்றபடி அமைக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. மாவட்டங்களின் நிலை அதைவிட மோசம். மதுரையிலோ நெல்லையிலோ இருப்பவர்கள் பிரிட்ஜ் எழும்பிய கிட்டாரைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வருவதை நானே பார்த்திருக்கிறேன். அரசு இசைக் கல்லூரிகளிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இசைக்கருவிப் பழுதுபார்ப்புக்கென ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். மரவேலையும் அடிப்படை மின்னணுவியலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஏற்கெனவே கற்பிக்கப்படும் பாடங்கள்தாம். வீணைக்கு மேளம் கட்டுபவர்களும், வயலின், ஆர்மோனியம் பழுது பார்ப்பவர்களும், கிட்டார் செட்டப் செய்பவர்களும் ஒரே பட்டறையில் அமர்ந்து கற்பித்தால், ஒருவர் கைத்திறன் இன்னொருவருக்கும் உதவும். இந்த வேலை தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். பட்டமோ டிப்ளமோவோ இல்லாதவர்கள். கல்வித்தகுதியைக் காரணம் காட்டி அவர்களைத் தள்ளிவிடாமல், அனுபவத்தை மட்டுமே தகுதியாகக் கொண்டு அவர்களைப் பயிற்றுநர்களாக நியமிக்க விதிகளில் இடம் செய்து தர வேண்டும். அதை வரும் கல்வியாண்டிலேயே செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.